ஆறு என்னும் வழி

நுழையும்முன்

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் நீரோட்டத்தைக் குறிக்கும். மக்கள் செல்லும் வழியையும் குறிக்கும். வழிகாட்டும் இலக்கிய வகைக்கு ‘ஆற்றுப்படை’ என்று பெயரிட்டவர்கள் நம் முன்னோர். மலையில் பிறக்கும் ஓர் ஆற்றை வழியாகக் கொண்டு மேல்நோக்கிச் சென்றால் என்னென்ன காணலாம்? அங்கே கற்க வேண்டியவை யாவை? சென்றவர் நலமாகத் திரும்ப எதை அறிந்திருக்க வேண்டும்? கரிசல் நிலத்தின் ஆறாகிய வைப்பாற்றை முன்வைத்து இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

மழையை மறைக்கும் மலை

விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டை வட்டத்தில் உள்ள ஊர் ஏழாயிரம்பண்ணை. பாளையக்காரர் காலத்தில் இது ஒரு பாளையத்தின் தலைமையிடமாக விளங்கியது. 1799ஆம் ஆண்டு வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபின் ஆங்கிலேயரால் பறிமுதல் செய்யப்பட்ட பாளையங்களுள் ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. இன்று அவ்வூரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் ஊர்களாகவே வெளியுலகம் அறிந்திருக்கிறது.

இத்தொழில்கள் இம்மண்ணில் வேரூன்றியதற்கு நிலமும் காற்றும் காரணங்களாயின. 1920களில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். ஈரம் குறைந்த காற்றும் நீண்ட வெயிற்காலமும் அத்தொழிலுக்கு ஏற்றவையாக அமைந்தன. மழையை நம்பிய வேளாண்மை ஆண்டு முழுவதும் வேலை தராததால் உழைக்கும் கைகளும் கிடைத்தன. வறட்சி ஒரு வட்டாரத்தின் தொழில் வரலாற்றையே வகுத்தது.

அவ்வறட்சிக்குக் காரணம் மேற்கு வானில் நீல நிறத்தில் தோன்றும் மலைத்தொடர். அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி உயர்கிறது. உயர்ந்த காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று தன் ஈரத்தைக் கேரளத்தின் பக்கம் மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அது பெரும்பாலும் வறண்ட காற்றாகவே இருக்கிறது. எனவே மலைக்குக் கிழக்கே உள்ள நிலத்தை ‘மழை மறைவுப் பகுதி’ என்பர் புவியியலாளர். கரிசல் நிலத்தார் காத்திருப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைக்காகவே.

ஆயினும், மழையை மறைக்கும் அந்த மலைதான் இந்நிலத்திற்கு ஆற்றையும் தருகிறது. முகட்டைத் தாண்டிச் சிதறும் சாரலையும், வடகிழக்குப் பருவத்தில் கிழக்குச் சரிவில் பெய்யும் பெருமழையையும் காடு உறிஞ்சிக்கொள்கிறது. மழை நின்றபின்னும் அந்நீர் ஊற்றுகளாகக் கசிந்து ஓடைகளாக இறங்குகிறது. கோடையில் மணல்வெளியாகக் கிடக்கும் வைப்பாறு, அம்மலையிலிருந்தே வருகிறது.

பல ஆறுகள் சேர்ந்த ஓர் ஆறு

வைப்பாறு ஒரே ஊற்றிலிருந்து பிறந்து வளர்ந்த ஆறன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவிலும் அதன் அடிவாரத்திலும் தோன்றும் பல சிற்றாறுகளின் கூட்டே வைப்பாறு. நிட்சேபநதி, காயல்குடி ஆறு, நகரியாறு, தேவியாறு, அர்ச்சுனா ஆறு, கௌசிகா ஆறு எனப் பல பெயர்கள் இப்படுகையில் வழங்குகின்றன. ஒவ்வொன்றும் தன் பெயரோடு பிறந்து, வைப்பாற்றில் கலந்து, பெயரை இழக்கிறது.

வத்திராயிருப்பை ஒட்டிய மலைச்சரிவில் இறங்கும் பெரியாற்றின் குறுக்கேயும் கோவிலாற்றின் குறுக்கேயும் பிளவக்கல் அணைகள் கட்டப்பட்டுள்ளன. அப்பகுதியின் நீரைப் பெறும் அர்ச்சுனா ஆறு, சிவகாசி வட்டாரத்தின் ஆனைக்குட்டம் அணையைத் தொட்டுக் கிழக்கே செல்கிறது. தெற்கே தேவதானத்தை ஒட்டிய மலையடியில் நகரியாற்றின் நீரைச் சாஸ்தா கோவில் நீர்த்தேக்கம் தேக்குகிறது. சமவெளியில் வைப்பாற்றின் நீரை வெம்பக்கோட்டை அணை தேக்கிவைக்கிறது. சாத்தூரைக் கடந்தபின் இருக்கன்குடியில் அர்ச்சுனா ஆறு வைப்பாற்றோடு கலக்கிறது. மக்கள் திரளாகக் கூடும் மாரியம்மன் கோவில் அக்கூடலில் அமைந்துள்ளது. மழையின் பெயரைத் தாங்கிய தெய்வத்திற்கு வறண்ட நிலத்தார் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் கோவில் கொண்டிருப்பது எண்ணத்தக்கது.

அங்கிருந்து தூத்துக்குடி மாவட்டத்திற்குள் புகும் ஆறு, விளாத்திகுளம் பகுதியைக் கடந்து மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பயணத்தில் குறிஞ்சி முதல் நெய்தல் வரையிலான நிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் இடைப்பட்ட கரிசல் வெளி பாலையின் தோற்றத்தையும் கொள்கிறது. திணைப் பாகுபாட்டை ஏட்டில் படித்த மாணவர், ஓர் ஆற்றின் நெடுகிலும் அதைக் கண்ணால் காண இயலும்.

கரையில் புதைந்த காலம்

ஆறு வழியாகவும் இருந்தது என்பதற்கு வைப்பாற்றங்கரையிலேயே சான்று கிடைத்துள்ளது. வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில், ஆற்றின் கரையிலுள்ள தொல்லியல் மேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் அகழாய்வைத் தொடங்கியது. அடுத்த ஆண்டுகளிலும் அப்பணி தொடர்ந்தது. நுண்கற்கருவிகள், சுடுமண் உருவங்கள், தக்களிகள், ஆட்டக்காய்கள், பாசிமணிகள், தங்க அணிகலன் துண்டுகள் ஆகியன அங்கே வெளிப்பட்டன. திமிலுள்ள காளையின் உருவம் பொறித்த சூதுபவள மணி ஒன்றும் கிடைத்தது.

இவற்றுள் மாணவர் சிறப்பாகக் கருதவேண்டியவை சங்கு வளையல்கள். வெம்பக்கோட்டையில் கடல் இல்லை. சங்கு கடலில் விளைவது. உள்நாட்டு ஊரொன்றில் சங்கு வளையல்கள் மிகுதியாகக் கிடைப்பது, கடற்கரைக்கும் அவ்வூருக்கும் இடையே போக்குவரத்து இருந்ததைக் காட்டுகிறது. அவ்விரண்டையும் இணைத்துக் கிடப்பது வைப்பாறு. நீரில்லாத காலத்திலும் ஆற்றின் கரை, திசை தவறாத பாதையாகும் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

கல்லைப் படித்தல்

ஆற்றின் வழியே மேல்நோக்கிச் செல்பவர் முதலில் கற்க வேண்டியது கல்லைப் படிக்கும் கலை. கழிமுகத்தை அடுத்து நுண்ணிய வண்டல் படிந்திருக்கும். சமவெளியில் மணல் பரந்திருக்கும். மலையடியை நெருங்குகையில் கூழாங்கற்கள் காலில் இடறும். மலைக்குள் நுழைந்தால் யானைப் படுக்கை போன்ற பெரும்பாறைகள் ஆற்றின் நடுவே கிடக்கும். இவ்வரிசை தற்செயலாக அமைந்ததன்று. சரிவு மிகுந்த இடத்தில் நீர் விரைந்து ஓடுவதால் பெரிய கல்லையும் உருட்டும் ஆற்றல் அதற்கு உண்டு. சரிவு குறையக் குறைய வேகம் தணிகிறது. சுமக்க முடியாத சுமையை ஆறு வழியிலேயே இறக்கி வைக்கிறது. பெருங்கல் முதலிலும், மணல் பின்னரும், வண்டல் கடைசியிலும் தங்குகின்றன.

ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்து அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தால் அது வந்த தொலைவை ஓரளவு உணரலாம். கூர்முனை மாறாத கல் அண்மையில் உடைந்தது. வழுவழுப்பாக உருண்டது நெடுந்தொலைவு உருண்டு வந்தது. கரையோர மரங்களின் கிளைகளையும் நோக்குதல் வேண்டும். ஆள் உயரத்துக்கு மேலே கிளைகளில் சருகும் சுள்ளியும் சிக்கித் தொங்கினால், கடந்த வெள்ளம் அந்த உயரம்வரை வந்து சென்றது என்று பொருள். கணுக்கால் அளவே நீர் ஓடும் ஓடையிலும் இந்த அடையாளத்தைக் காணலாம். அதைக் கண்டவர், உணவுப் பொட்டலத்தை அவிழ்க்க ஆற்றின் நடுப்பாறையைத் தேர்ந்தெடுக்கமாட்டார்.

மலையடி முதல் முகடு வரை

விருதுநகர் மாவட்டத்தில் மலையாற்றைக் காண ஏற்ற இடங்கள் சில உள்ளன. திருவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. அங்கே மீன்வெட்டிப் பாறை அருவி உள்ளது. இராசபாளையத்திற்கு மேற்கே அய்யனார் கோவிலும் அருவியும் உள்ளன. வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறை, சதுரகிரி மலைக்கு ஏறும் வாயிலாகும். இவ்விடங்கள் கோவிலோடும் காட்டோடும் நீரோடும் ஒருங்கே தொடர்புடையவை. வழிபாட்டுக்குச் செல்வோரும் இயற்கையைக் காணச் செல்வோரும் ஒரே பாதையில்தான் நடக்கின்றனர்.

அடிவாரத்தில் முள்மரங்களும் புதர்களும் நிறைந்த வறண்ட காடு வரவேற்கும். சற்று ஏறினால் இலையுதிர் காடு தொடங்கும். ஓடைக்கரையை ஒட்டி மட்டும், சுற்றிலும் இலையுதிர்ந்த காலத்திலும், பசுமை மாறாத மரங்கள் ஒரு கோடுபோல் நீண்டு செல்லும். நீர்மருதும் நாவலும் மாவும் அங்கே ஓங்கி நிற்கும். தொலைவிலிருந்து காண்பவர், நீரைக் காணாமலேயே அப்பசுங்கோட்டைக்கொண்டு ஆற்றின் தடத்தைச் சொல்லிவிடலாம். உயரத்தில் சோலைக்காடும் புல்வெளியும் மாறிமாறி அமையும். செங்குத்துப் பாறைகளையும் புல்வெளிகளையும் சார்ந்து வாழும் வரையாடு இம்மலையிலும் உண்டு. யானைகளின் வழித்தடங்களும் இங்கே உள்ளன.

தெரிந்து தெளிவோம்

சாம்பல் நிற அணில்: வீட்டு முற்றத்தில் காணும் அணிலைவிடப் பன்மடங்கு பெரியது, நீண்ட வாலை உடையது. தென்னிந்தியாவின் சில காடுகளிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்வது. இதனைக் காப்பதற்காகத் திருவில்லிபுத்தூர் மலைப்பகுதி 1988ஆம் ஆண்டு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; அதன் பரப்பு ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர். இவ்வணில் தரையில் இறங்குவதை இயன்றவரை தவிர்த்துக் கிளைக்குக் கிளை தாவிச் செல்லும். ஆகவே மரங்களின் தலைகள் ஒன்றையொன்று தொட்டு நிற்றல் வேண்டும். ஆற்றோரத்தில் ஒரு மரம் வீழ்ந்தால் அணிலின் பாதையில் ஒரு பாலம் முறிகிறது. இச்சரணாலயமும் மேகமலைப் பகுதியும் இணைந்து 2021ஆம் ஆண்டு திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாயின.

காணாத மழை

மலையாற்றின் அழகு எளிதில் புலப்படும். அதன் ஆபத்து எளிதில் புலப்படாது. சமவெளி ஆற்றில் வெள்ளம் வருவதைப் பல மணிநேரத்திற்கு முன்பே அறியலாம். மலையாற்றில் அத்தகைய அவகாசம் கிடைப்பதில்லை. மலைச்சரிவு செங்குத்தானது, பாறை நீரை உறிஞ்சாது, நாற்புறச் சரிவுகளில் விழும் மழையெல்லாம் ஒரே ஒடுங்கிய பள்ளத்தில் வந்து சேரும். முகட்டில் பெய்யும் மழையைக் கீழே நீராடுவோர் காண இயலாது. அவர்களின் தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடக்கூடும். இதனைத் ‘திடீர் வெள்ளம்’ என்பர்.

2015ஆம் ஆண்டு மே மாதம் சதுரகிரி மலையில் இத்தகைய வெள்ளம் ஏற்பட்டது. வழிபாட்டுக்குச் சென்றிருந்தவர்களுள் சிலர் ஓடையைக் கடக்கையில் நீரால் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். அது பருவமழைக் காலமும் அன்று. கோடைமழையே அவ்வெள்ளத்திற்குப் போதுமானதாயிற்று. அதன்பின் மலையேறும் நாள்கள் கட்டுப்படுத்தப்பட்டன. மழை பெய்யும் நாள்களில் அனுமதி மறுக்கப்படுவதும் வழக்கமாயிற்று.

வெள்ளம் வருமுன் ஆறு சில அறிகுறிகளைக் காட்டும். தெளிந்திருந்த நீர் திடீரெனக் கலங்கும். சருகுகளும் சுள்ளிகளும் நுரையும் மிதந்து வரும். நீர்மட்டம் சிறிது சிறிதாக உயரும். சில வேளை வழக்கத்துக்கு மாறாகக் குறையவும் கூடும். மேற்புறத்திலிருந்து தொடர்ந்த இரைச்சல் கேட்கும். மலைமுகட்டில் கருமேகம் திரண்டு நிற்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அக்கணமே ஆற்றுப் படுகையை விட்டு வெளியேற வேண்டும். அக்கரையிலுள்ள பொருளை எடுக்க ஆற்றைக் கடத்தல் கூடாது. நிற்கும் கரையிலேயே மேட்டை நோக்கி ஏறுதல் வேண்டும். ஆற்றின் போக்கில் கீழ்நோக்கி ஓடுவதால் பயனில்லை. நீர் மனிதரைவிட விரைந்து ஓடும்.

முழங்கால் அளவு நீர்தானே என்னும் எண்ணமே பலரை வீழ்த்துகிறது. ஓடும் நீரின் வேகம் இருமடங்கானால் அது காலின்மீது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். கணக்குப் பாடத்தின் இச்சிறு உண்மை, மலையாற்றில் உயிரோடு தொடர்புடைய உண்மையாகிறது. வெள்ளம் பெரும்பாலும் சில மணிநேரத்தில் வடிந்துவிடும். அதுவரை மேட்டில் காத்திருந்தவர் தாமதமாக வீடு திரும்புவார், ஆனால் திரும்புவார்.

பெயர்களில் உறையும் அறிவு

மலைவழியில் இடங்களுக்கு இட்ட பெயர்கள் வெறும் அடையாளங்கள் அல்ல. சதுரகிரிப் பாதையில் ‘வழுக்குப்பாறை’ என்றோர் இடமும் ‘சங்கிலிப்பாறை’ என்றோர் இடமும் உள்ளன. முன்னே சென்றவர், பின்னே வருவோருக்கு விட்டுச்சென்ற எச்சரிக்கைகளாகவே இப்பெயர்களைக் கொள்ளலாம். எழுத்தறியாதவரும் படிக்கத்தக்க அறிவிப்புப் பலகைகள் அவை.

இவ்வறிவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருபவர்கள் மலைவாழ் மக்கள். செண்பகத்தோப்பு, தாணிப்பாறை ஆகிய இடங்களில் பளியர் குடியிருப்புகள் உள்ளன. தேனெடுத்தலும் கிழங்கு அகழ்தலும் வனப்பொருள் சேகரித்தலும் அவர்களின் மரபுத்தொழில்கள். எந்த ஓடை எந்த மாதத்தில் வற்றும், யானை எவ்வழியே நீருக்கு இறங்கும், எந்தப் பாறையில் பாசி படரும் என்பன அவர்களுக்கு அன்றாடச் செய்திகள். மலைக்குச் செல்வோர் அவர்களை வேடிக்கை பார்ப்பது முறையன்று. கேட்டுக் கற்றுக்கொள்வதே முறை.

மலைவழிகாட்டும் மரபு தமிழிலக்கியத்திலும் தொன்மையானது. பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம், 583 அடிகளைக் கொண்டது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இயற்றியது. கூத்தராற்றுப்படை என்னும் மறுபெயரும் உடையது. நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்வதாக அமைந்த அந்நூல், மலையின் வளத்தைப் பாடுவதோடு நின்றுவிடவில்லை. விலங்குகளைப் பிடிக்க வைத்த பொறிகள், பாம்புகள் உறையும் இடங்கள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள், பாசி படர்ந்து வழுக்கும் நீர்க்கரைகள் என வழியின் இடர்களையும் எடுத்துரைக்கிறது. வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதையும் கூறுகிறது. அழகைச் சொல்பவர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும் என்னும் கடமையுணர்வு அந்நூலில் வெளிப்படுகிறது.

அனுமதியும் ஆயத்தமும்

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், நடைப்பயணம் சென்றிருந்தோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலர்ந்த புல்லும் வீசும் காற்றும் செங்குத்துச் சரிவும் சேர்ந்தால், ஏறிச்செல்லும் மனிதரைவிடத் தீ விரைவாக ஏறும் என்பதை நாடு அன்று அறிந்தது. அதன்பின் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுத்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்கள் எளியவை, மிதமானவை, கடினமானவை என வகைப்படுத்தப்பட்டன. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு மட்டுமே அவற்றில் செல்லலாம். செண்பகத்தோப்பிலிருந்து புதுப்பட்டிக்குச் செல்லும் பாதையும் அவற்றுள் ஒன்று. காட்டுத்தீ அபாயம் மிகும் கோடைத் தொடக்கத்தில் இப்பயணங்கள் நிறுத்தி வைக்கப்படுகின்றன.

விதிகளைத் தடைகளாகக் கருதுவோர் உளர். இயற்கைவெளியில் உலவும் உரிமையைச் சட்டமாகவே வழங்கிய நாடு நார்வே. 1957ஆம் ஆண்டின் அச்சட்டம் விளைநிலம் அல்லாத திறந்தவெளியில் நடக்கும் உரிமையை அனைவருக்கும் உறுதிசெய்தது. அதே சட்டம், இடத்துக்கும் பிறருக்கும் கேடு விளைவிக்காமல் நடக்கும் கடமையையும் விதித்தது. உரிமையும் கடமையும் ஒரே சட்டத்தில் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது.

மலைக்குச் செல்லும் மாணவர் குழு சிலவற்றை மறவாதிருத்தல் வேண்டும். வனத்துறையின் அனுமதி பெற்ற பாதையிலேயே செல்லுதல். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுதல். வானிலை அறிவிப்பை முதல்நாளும் அன்று காலையிலும் பார்த்தல். குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகத்தையே குழுவின் வேகமாகக் கொள்ளுதல். நண்பகலுக்குப்பின் திரும்பத் தொடங்குதல். ஆழம் அறியாத மடுவில் குதியாதிருத்தல். நெருப்பு மூட்டாதிருத்தல் ஆகியன அவை. அருவியின் உச்சிப்பாறையில் நின்று படம் எடுக்க முயன்று வழுக்கி விழுந்தோர் பலர். கைப்பேசியின் திரையில் பாசி தெரிவதில்லை.

மேலே இட்டது கீழே வரும்

இராசபாளையம் நகரின் குடிநீருக்கு அய்யனார் கோவில் மலைப்பகுதியிலிருந்து வரும் நீர் ஆதாரமாக உள்ளது. அருவியில் ஒருவர் கரைக்கும் சவர்க்காரமும் வீசியெறியும் நெகிழிப் பையும் அவர் கண்ணிலிருந்து மறையலாம், ஆற்றிலிருந்து மறைவதில்லை. அருவிக்கரையில் எறிந்த கண்ணாடிப் புட்டி உடைந்தால், அடுத்த மழையில் அதன் சில்லுகள் யானை இறங்கும் துறையிலோ சிறுவர் விளையாடும் மணலிலோ சென்று தங்கும். உணவு எச்சத்தைத் தின்று பழகிய குரங்கு, காட்டின் கனிகளை மறந்து மனிதரின் கைப்பையைத் தேடத் தொடங்கும்.

கீழே சமவெளியில் ஆற்றுக்கு வேறு துன்பங்கள் உள்ளன. மணல் அள்ளப்பட்ட படுகை, நீரைத் தேக்கிவைக்கும் ஆற்றலை இழக்கிறது. மணல்தான் கரிசல் ஊர்களின் மறைவான நீர்த்தொட்டி. கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுத்த காலத்தை இவ்வட்டாரத்தின் முதியோர் நன்கு அறிவர். கண்மாய்களுக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்களில் சீமைக்கருவேல் அடர்ந்தால், மலையிலிருந்து வந்த நீர் வாசல்வரை வந்து உள்ளே நுழைய வழியின்றிப் போகிறது. மலையில் காடு அழிந்தாலோ ஊற்றுகள் வற்றும். பெய்த மழை ஒரே நாளில் வெள்ளமாக ஓடி முடியும். வெள்ளமும் வறட்சியும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும், காடிழந்த மலை இரண்டையும் ஒருங்கே தரும்.

வைப்பாற்றின் ஓரத்தில் வாழும் மாணவர் ஒருவர், ஒருமுறையேனும் தக்க துணையோடு அதன் மலைத்தலையைச் சென்று காண்பாராயின், தன் ஊர் ஆற்றைப் பார்க்கும் பார்வை மாறும். ஐப்பசியில் மணலின்மீது முதல் நீர் தவழ்ந்து வரும்போது, அதில் மிதக்கும் சருகு எந்தக் காட்டு மரத்தினுடையது என்று அவரால் எண்ணிப்பார்க்க இயலும். நீரின் நிறம் செம்மையாக இருந்தால் மேலே எங்கோ மண் அரிக்கப்படுகிறது என்று உணர இயலும். கால்வாயை அடைத்துக் கிடக்கும் முட்புதரை வெட்ட ஊரார் கூடும் நாளில், அவரும் அரிவாளோடு செல்வார்.

அருஞ்சொற்பொருள்

முகடு – மலையின் உச்சி விளிம்பு
படுகை – ஆறு ஓடும் பள்ளம். ஓர் ஆற்றுக்கு நீர் தரும் நிலப்பரப்பு
கூடல் – ஆறுகள் கலக்கும் இடம்
தக்களி – நூல் நூற்கும் கருவி
மடு – ஆற்றில் ஆழமான நீர்நிலை
கவண்கல் – கவணில் வைத்து எறியும் கல்
தினைப்புனம் – தினை விளையும் மலைநிலம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஆறு, ஓடை அல்லது கால்வாய் எங்கே தொடங்கி எங்கே சேர்கிறது என்பதை ஊர் முதியோரிடம் கேட்டறிந்து வரைபடமாக வரைக.

2. உங்கள் வட்டாரத்தில் நீர், பாறை, மரம், விலங்கு ஆகியவற்றின் அடிப்படையில் அமைந்த இடப்பெயர்கள் பத்தினைத் தொகுத்து, அவை உணர்த்தும் செய்திகளை வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. மலையருவிக்குச் சுற்றுலா செல்லவிருக்கும் உங்கள் பள்ளி மாணவர்களுக்கு வழங்குவதற்கான பாதுகாப்புக் குறிப்பேடு ஒன்றை நான்கு பேர் கொண்ட குழுவாக உருவாக்குக.

மதிப்பீடு

குறுவினா

1. ‘மழை மறைவுப் பகுதி’ என்றால் என்ன?
2. வெம்பக்கோட்டை அகழாய்வில் கிடைத்த சங்கு வளையல்கள் உணர்த்தும் செய்தி யாது?
3. திடீர் வெள்ளத்தின் அறிகுறிகளுள் மூன்றனைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. ஆற்றின் கற்களைக்கொண்டு அறியத்தக்கன யாவை?
2. சாம்பல் நிற அணிலுக்கும் ஆற்றோர மரங்களுக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
3. மலைபடுகடாம் மலைவழியின் இடர்களை எடுத்துரைக்கும் திறத்தை எழுதுக.

நெடுவினா

1. ‘வெள்ளமும் வறட்சியும் ஒருங்கே தருவது காடிழந்த மலை’ – இக்கூற்றை வைப்பாற்றின் வழிநின்று நிறுவுக.
2. மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் உரிமைக்குத் தடையா, துணையா? உங்கள் கருத்தைத் தக்க சான்றுகளுடன் எழுதுக.